"சும்மாதான் வந்தேன்": சொல்லாமல் வருபவருக்கும் அந்த வருகைக்கும் தமிழில் என்ன பெயர்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு சொற்களைத்தான். ஒரு சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் அடுத்த தெருக்காரர் ஒருவர், முன்கூட்டிச் சொல்லாமலும் குறிப்பிட்ட காரியம் எதுவும் இல்லாமலும் அடிக்கடி வந்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அந்தச் செயலுக்கு ஒரு பெயர்ச்சொல்லும் அந்த ஆளுக்கு ஒரு பெயர்ச்சொல்லும் வேண்டும் என்கிறீர்கள். அகராதியைப் புரட்டியபோது வருகை, விஜயம், அதிதி, அழையா விருந்தாளி ஆகியவை கிடைத்தன என்றும், எதை வைத்தாலும் வாக்கியம் பொய்யாக ஒலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இவ்வளவு தாராளமாகப் போய்வருகிற மக்களின் மொழியில் இதற்கென்று ஒரு சொல் இல்லாமல் போனது எப்படி? சொல் இருக்கிறது, நீங்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான் என்பது என் பதில். அதை விளக்கச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மொழிபெயர்ப்புப் புனைகதைகளைச் செம்மைப்படுத்தும் வேலை செய்துவருகிறேன். முறையாகப் படித்தது தமிழ் இலக்கியம். ஆகவே ஒரு சொல் பழைய நூல்களில் எந்தப் பொருளில் நின்றது என்பதையும், இன்றைய உரைநடையில் அது எங்கே இடறுகிறது என்பதையும் ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும். சொற்பிறப்பு என் துறையன்று. அந்தப் பகுதிகளில் நான் சொல்வதைப் பிறர் ஆய்வின் சுருக்கமாகவும், சில இடங்களில் என் சொந்த ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஆளைப் பார்ப்போம். எதிர்பாராமல் வருபவருக்குத் தமிழில் தனிச்சொல் இருந்தது, அது விருந்து. இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் இலைதான் நினைவுக்கு வருகிறது என்றாலும், அதன் பழைய பொருள் புதுமை என்பது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளில் ஒன்றாக விருந்து என்பதைச் சொல்லி, அது "புதுவது புனைந்த யாப்பின் மேற்றே" என்று விளக்குகிறது; அங்கே வீட்டுக்கு வந்தவரைப் பற்றிய பேச்சே இல்லை, புதிதாக ஆக்கப்படும் செய்யுளைப் பற்றியது அந்த நூற்பா. அகநானூற்றின் 54ஆம் பாட்டு "விருந்தின் மன்னர்" என்று தொடங்குகிறது. அவர்கள் யாரும் உண்ண வந்தவர்கள் அல்லர், புதிதாகப் பகைத்து வந்த அரசர்கள். இந்தப் புதுமைப் பொருளிலிருந்துதான் வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்ற பொருள் கிளைத்திருக்கிறது. திருக்குறளின் 43ஆம் குறள் இதற்கு நல்ல சான்று. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தான்" என்று ஐந்தாக அது பிரிக்கும்போது விருந்தும் ஒக்கலும், அதாவது புதியவரும் சுற்றத்தாரும், இரண்டு வேறு தலைப்புகளாக நிற்கின்றன. உறவினர் விருந்து அல்லர். முன்பின் அறியாதவர்தான் விருந்து. நற்றிணை 142இல் தலைவியைப் பற்றி "அல்லில் ஆயினும் விருந்துவரின் உவக்கும்" என்று வருகிறது. இரவிலே வந்தாலும் மகிழ்வாள் என்று சொல்லவேண்டிய தேவை ஏற்பட்டதே, விருந்து நேரம் பார்த்து வருவதன்று என்பதனால்தான். குறுந்தொகை 118 எனக்கு இன்னும் பிடித்தது. பலர் புகும் வாயிலை மாலையில் அடைப்பதற்கு முன் "வருவீர் உளீரோ" என்று கேட்கிறார்கள். உள்ளே வரவேண்டியவர் இன்னும் யாராவது வெளியே நிற்கிறீர்களா என்று பொருள். யார் வருவார்கள் என்று தெரியாத ஒரு வீட்டில்தான் அப்படிக் கேட்க முடியும்.

இங்கே ஒரு கிளைப்பாதை. விருந்தைப் போலவே புதுமையைக் குறித்த இன்னொரு பழஞ்சொல் வம்பு. சங்கப் பாடல்களில் பாலை வழியில் நடந்து செல்லும் புதியவர்களுக்கு வம்பலர் என்று பெயர். குறுந்தொகை 66இல் வரும் வம்ப மாரி என்பது பருவம் தவறி, எதிர்பாராத நேரத்தில் கொட்டிய மழை. அதைக் கார்காலத்து மழை என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சொல்கிறாள். தனக்குரிய காலம் இல்லாமல் வந்தது என்ற நுணுக்கம் இந்தச் சொல்லில் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கதையின் அடுத்த தெருக்காரருக்கு, பொருளளவில், விருந்தைவிட வம்பலர்தான் நெருக்கம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் ஒரே பொருளில் தொடங்கிய இரண்டு சொற்களில் ஒன்று உபசாரத்தின் பக்கமும் மற்றொன்று சண்டை, புறணி ஆகியவற்றின் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டன. "வம்பு வந்திருக்கிறது" என்று இன்று எழுதினால் அந்த மனிதரை நீங்கள் அவமதித்தவர் ஆவீர்கள். அந்தச் சொல்லை மீட்டெடுக்கும் ஆசை வேண்டாம்.

அதிதி என்பது வடசொல். அது ஏன் உங்கள் கண்ணில் பட்டது என்று புரிகிறது. திதி இல்லாதவன், அதாவது இன்ன நாளில் வருவான் என்ற குறிப்பு இல்லாதவன் என்று அதற்குப் பொருள் சொல்லும் மரபு பரவலாக இருப்பதால், எதிர்பாராத விருந்தினருக்கு அளந்து தைத்தது போலத் தோன்றுகிறது. இந்த விளக்கம் பழையது, அழகானது, ஆனால் உறுதியானதன்று. சமஸ்கிருத மொழியியலாளர் பலர், திரிதல், அலைதல் என்று பொருள்படும் ஒரு வேரிலிருந்து இச்சொல் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அப்படியானால் அதிதி என்பவர் நாள் குறிக்காமல் வந்தவர் என்பதைவிட வழியில் திரிபவர் என்பதே மூலப்பொருளாகும். மனுநூல் வேறொரு காரணம் சொல்கிறது: ஓர் இரவு மட்டும் தங்குபவர், நிலையாக இராதவர் என்பதால் அவர் அதிதி. ஆக, நாளில்லாதவர் என்ற விளக்கத்தை ஒரு மரபு என்ற அளவில் மேற்கோள் காட்டலாம். சொல்லின் வரலாறு என்று அடித்துச் சொல்லக்கூடாது. எப்படியிருந்தாலும் உங்கள் கதைக்கு அது உதவாது. தமிழில் அதிதி என்ற சொல் சடங்கு, புராணம், பிரசங்கம் ஆகியவற்றின் வாசனையோடுதான் வருகிறது. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து செய்தித்தாளைப் புரட்டும் மனிதரை அதிதி என்று எழுதினால் வாசகர் அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

விருந்து என்ற சொல் புதியவரிடமிருந்து எப்படிக் கழன்றது என்பதற்குத் தேதி குறிக்க முடியாது, ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. முதலில் புதுமை, பிறகு புதியவர், அதன்பின் அவருக்குச் செய்யும் உபசாரம், கடைசியில் உணவு. தெலுங்கின் விந்து, மலையாளத்தின் விருந்நு ஆகிய இனச்சொற்களிலும் இன்று உணவே முன்னிற்கிறது. மலையாளத்தில் காக்கை கரைந்தால் விருந்து அழைக்கிறது என்று இன்றும் சொல்வதில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "விருந்துவரக் கரைந்த காக்கை" என்று குறுந்தொகை 210 சொன்ன அதே காக்கைதான் அது. அந்தப் பாட்டைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே அதனால் வந்தது. சொல்லிலிருந்து ஆள் வெளியேறிவிட்டதனால் ஆளைக் குறிக்க ஒட்டுகள் தேவைப்பட்டன: விருந்தினர், விருந்தாளி, தென்மாவட்டங்களில் விருந்தாடி. இவற்றிலும் புதியவர் என்ற பொருள் போய்விட்டது. "வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க" என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், அதுவும் முன்பே தகவல் சொல்லிவிட்டு, இரண்டொரு நாள் தங்குவதற்காக வந்தவர்கள். கொங்குப் பகுதியில் வழங்கும் ஒறம்பரை என்ற சொல் இந்த மாற்றத்தை மறைக்காமலே காட்டுகிறது. அதில் உறவு என்ற பகுதி வெளிப்படையாகவே கேட்கிறது, ஆனால் பயன்பாட்டில் அது வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தினரைக் குறிக்கிறது. குறள் இரண்டாகப் பிரித்து வைத்த விருந்தையும் ஒக்கலையும் வழக்கு ஒன்றாக்கிவிட்டது என்று சொல்லலாம். ஈழத்து வழக்கில் "ஆக்கள் வந்திருக்கினம்" என்பதோடு முடிந்துவிடும். யார் என்று பிரிக்காத அந்தப் பொதுச்சொல் எனக்குப் பிடிக்கும், ஆனால் உங்கள் கதை ஈழத்தில் நடக்காதவரை அது உங்களுக்குப் பயன்படாது. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற பழமொழி, தங்குபவரைத்தான் விருந்தாகக் கருதுகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அவரை விருந்தாளி என்று அழைத்தால் அவரே, "நான் என்ன விருந்தாளியா?" என்று கோபித்துக்கொள்வார், தமிழில் அது அந்நியப்படுத்தும் சொல்லாக மாறிவிட்டது.

அழையா விருந்தாளி என்பதைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் நான் திருத்தும் பிரதிகளில் மிக அதிகமாக அடிக்க நேர்வது இதைத்தான். எதிர்பாராத என்பதும் அழைக்காத என்பதும் ஒன்றல்ல. எதிர்பாராமை வீட்டுக்காரரின் நிலை. அழைக்கப்படாமை வந்தவரின் குறை. "அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி" என்ற பழமொழியிலும், "மதியாதார் முற்றம் மதித்தொருகால் சென்று மிதியாமை கோடி பெறும்" என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டிலும் இருக்கும் கசப்பு அந்தத் தொடரில் தங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமலேயே வந்து பந்தியில் உட்கார்ந்தவர், வீட்டுக்குள் புகுந்த பாம்பு, பருவம் தவறிய காய்ச்சல் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பத்திரிகைகள் சிறுத்தையைப் பற்றி எழுதும்போது தவறாமல் இதைத்தான் பயன்படுத்துகின்றன. தினமும் வருகிற, வந்தால் வீட்டாருக்கு மகிழ்ச்சி தருகிற மனிதருக்கு அதை ஒட்டினால், மூலக்கதையில் இல்லாத ஒரு விரோதத்தை நீங்கள் புகுத்திவிடுவீர்கள்.

இனிச் செயலுக்கு வருவோம். வருகை என்பது நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் உரைநடையில் அது மேடையேறிவிட்டது. அமைச்சர் வருகை தருகிறார், பருவமழை வருகை தருகிறது, பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வருகை தருவதில்லை, வெறுமனே வருகிறார். விஜயம் அதைவிடக் கனமானது. வடமொழியில் வெற்றி என்று பொருள்படும் சொல், திக்விஜயம் போன்ற வழக்குகளின் வழியாக அரசர்களும் மடாதிபதிகளும் மேற்கொள்ளும் பயணத்துக்கு ஆகி, அங்கிருந்து செய்தித்தாள்களுக்கு இறங்கியது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அது இன்னும் இயல்பாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் நகைச்சுவைக்கே மிஞ்சியிருக்கிறது. "மாமா திடீர் விஜயம்" என்று யாராவது சொன்னால் மாமாவைச் சற்றே கேலி செய்கிறார் என்று பொருள். எழுந்தருளுதல் கோயிலுக்கு உரியது, அதை விட்டுவிடலாம்.

வருகை பொருந்தாமல் போவதற்கு இன்னும் ஆழமான ஒரு காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன், என் பதிலின் மையம் அதுதான். ஒருவரைப் போய்ப் பார்த்து வரும் செயலுக்குத் திசை சாராத ஒரு வினை தமிழில் இல்லை. பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தீர்மானிக்காமல் இந்தச் செயலைத் தமிழில் சொல்லவே முடியாது: வீட்டுக்காரர் பக்கமிருந்து சொன்னால் வருதல், புறப்படுபவர் பக்கமிருந்து சொன்னால் போதல். இது இன்றைய பேச்சின் பழக்கம் மட்டுமன்று. தருசொல், வருசொல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் விதியாகவே வகுத்திருக்கிறது. வழக்கில் அந்த விதி பல இடங்களில் தளர்ந்திருந்தாலும், நிற்கும் இடத்தை வைத்து வினையைத் தேர்வது தளரவில்லை. "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்ற குறளில் செல்விருந்து என்பதைப் பரிமேலழகர் தன்னிடம் வந்து சேர்ந்துவிட்ட விருந்து என்று கொள்கிறார். இன்று படிக்கும் பலர் விடைபெற்றுச் செல்லும் விருந்து என்று கொள்கிறார்கள். இரண்டும் இடம்பெறக் காரணம், செல் என்ற வினையின் திசை யாருடைய கண்ணிலிருந்து அளக்கப்படுகிறது என்பதுதான்.

இனி, போய்த் திரும்புதல் என்பது இரண்டு திசைகளும் சேர்ந்தது அல்லவா? ஆகவே தமிழ் இரண்டு வினைகளையும் சேர்த்தே வைக்கிறது. வீட்டுக்காரர் "வந்து போங்கள்" என்கிறார்; புறப்படுபவர் "போய் வருகிறேன்" என்கிறார். இரண்டும் ஒரே சுற்றுத்தான், ஆனால் தொடங்கும் வாசல் வேறு. இந்த இரட்டை வினையில் இரண்டாவது உறுப்பு வந்தவுடனே தங்கல் இல்லை என்பது குறிப்பாகத் தெரிந்துவிடுகிறது; நீங்கள் தேடிய சாவகாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "வந்தார்" என்பது செய்தி, "வந்துவிட்டுப் போனார்" என்பது சிறு வருகை, "வந்து போய்க்கொண்டிருக்கிறார்" என்பது பழக்கம். குடும்பங்களுக்கிடையே இந்தப் பழக்கம் இருப்பதற்குப் பெயரும் உண்டு: போக்குவரத்து. "அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது" என்றால் இடையில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது என்று அர்த்தம். பேருந்துகளும் சிவப்பு விளக்கும் அந்தச் சொல்லைக் கைப்பற்றிக்கொண்டதால் எழுத்தில் பலர் தயங்குகிறார்கள். பேச்சில் அது சாகவில்லை. உரையாடலில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வினைக்கு முன்னால் வந்து நிற்கும் சிறிய அளவுச் சொற்களையும் கவனிக்க வேண்டும். "ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடு", "ஒரு நடை போய்விட்டு வா" என்பவற்றில் எட்டும் நடையும் தூரத்தின் அளவுகள். எட்டு என்பது இங்கே எண் அன்று, காலடி. ஒரே காலடியில் போய்விடலாம் என்று சொல்வதன் மூலம் அந்த வருகையின் கனத்தைக் குறைக்கிறோம். ஈழத்தில் "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பதில் வரும் ஒருக்காவும் அதே வேலையைச் செய்கிறது. எட்டிப் பார்த்தல் வேறு. அது கழுத்தை நீட்டிப் பார்ப்பது. இதை நீங்கள் பயன்படுத்தலாம் என்று தோன்றியிருக்கும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எட்டிப் பார்த்தல், தலைகாட்டுதல் இரண்டும் பெரும்பாலும் எதிர்மறையில்தான் உயிரோடு இருக்கின்றன. "ஆஸ்பத்திரியில் கிடந்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை", "அதற்குப் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை" என்று குறை சொல்லும்போது அவை கூர்மையாக இருக்கும். உடன்பாட்டில், "கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம்" என்பது போல, கடமையைக் கழிக்கும் தொனி வந்துவிடுகிறது. உங்கள் மனிதர் கடமைக்காக வருகிறவர் அல்லர். தெலுங்கில் குறுகிய நேரம் வந்து போவதற்கு சுட்டபு சூபு என்ற பெயர்த்தொடர் இருக்கிறது, நேர்ப்பொருளில் உறவினர் பார்வை. அதன் முதற்பகுதி நம் சுற்றம் என்ற சொல்லுக்கு இனமானது. அதைப் போல ஒன்று நம்மிடம் திரண்டு வராதது குறித்து எனக்குச் சிறு பொறாமை உண்டு.

காரியத்தோடு போகும் போக்குகளுக்கு நம்மிடம் பெயர்கள் ஏராளம். நலம் விசாரித்தல், துக்கம் விசாரித்தல், தெற்கே துஷ்டி கேட்டல், பெண் பார்த்தல், குழந்தை பார்த்தல் என்று ஒவ்வொன்றும் தன் நோக்கத்தையே பெயராகக் கொண்டிருக்கிறது. நோக்கம்தான் பெயர் தருகிறது என்றால், நோக்கமில்லாத வருகைக்குப் பெயர் எங்கிருந்து வரும்? நோக்கத்தை மறுப்பதிலிருந்துதான். அந்த வேலையைச் செய்வது சும்மா. வாசலில் நிற்பவரைப் பார்த்து "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "சும்மாதான். இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்பார். இந்த ஒரு வரியில் நான்கு இடங்களில் கனம் குறைக்கப்பட்டிருக்கிறது: சும்மா என்பது காரியம் இல்லை என்கிறது, இந்தப் பக்கமாக என்பது உன்னைத் தேடி வரவில்லை என்கிறது, அப்படியே என்பது திட்டமிடவில்லை என்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்பது தங்கமாட்டேன் என்கிறது. அவர் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கலாம். வேண்டுமென்றே இரண்டு தெரு சுற்றிக்கூட வந்திருக்கலாம். வீட்டுக்காரருக்கு எந்தச் சுமையும் இல்லை என்று உறுதியளிப்பதற்காகவே மொழி இப்படி அமைந்திருக்கிறது என்பது என் கணிப்பு. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. "சும்மா இரு சொல் அற" என்று அருணகிரிநாதருக்கு உபதேசமாக வந்த அதே சும்மாதான் இங்கே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முன்னறிவிப்பு இல்லாமையைச் சொல்லும் தொடர், சொல்லாமல் கொள்ளாமல். திடீரென்று, திடுதிப்பென்று ஆகியவை வேகத்தையும் அதிர்ச்சியையும் காட்டுகின்றன; சொல்லாமல் கொள்ளாமல் என்பது தகவல் தராததை மட்டும் காட்டுகிறது, அதனால் அதுதான் துல்லியமானது. சொல்லிக்கொள்ளுதல் என்ற ஒரே வினை எதிர்மறையில் இரண்டாகப் பிளந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். விடைபெறுவதற்கும் "சொல்லிக்கொண்டு புறப்படுதல்" என்கிறோம். அதனால்தான் இந்தத் தொடர் வருவதற்கும் போவதற்கும் ஒருசேரப் பொருந்துகிறது. இதோடு சேரும் துணைவினையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. "வந்து நின்றார்" என்றால் வீட்டாருக்குத் திகைப்பு. "வந்து இறங்கினார்கள்" என்றால் பெட்டி படுக்கையோடு, ஒருவருக்கு மேல். "டேரா போட்டுவிட்டார்" என்றால் போகும் எண்ணம் இல்லை. "வந்து உட்கார்ந்தார்" என்பதில் மட்டும்தான் பழக்கத்தின் உரிமை இருக்கிறது. கெஸ்ட், விசிட் ஆகிய கடன்சொற்கள் நகரத்துப் பேச்சில் இயல்பானவையே. ஆனால் "சர்ப்ரைஸ் விசிட்" என்பது அலுவலகத்தில் சோதனைக்கு வரும் அதிகாரியையும் நினைவூட்டும் என்பதால் பாத்திரம் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

ஆகவே உங்கள் பிரதிக்கு என் பரிந்துரை, பெயர்ச்சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு அந்த வாக்கியங்களை வினைக்குத் திருப்புங்கள் என்பதே. மூலத்தில் "அவருடைய எதிர்பாராத வருகைகள்" என்ற அமைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் முதலில் யார் கண்ணிலிருந்து கதை சொல்லப்படுகிறது என்று பாருங்கள். வீட்டுக்காரப் பெண்ணின் பார்வையானால், "அவர் எப்போதும் போலச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்" என்று முடித்துவிடலாம். அதே நிகழ்ச்சி அவர் பார்வைக்கு மாறும் இரண்டாம் பகுதியில், "ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்" என்று வரவேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் உங்களை வருகைக்கும் விஜயத்துக்கும் துரத்தியிருக்கிறது. ஆளைக் குறிக்க விருந்தாளி வேண்டாம். "வருகிறவர்" என்று வெறுமையாக எழுதுங்கள், அல்லது கதையில் அவருக்கு இருக்கும் உறவுப்பெயரையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். தவிர்க்கவே முடியாமல் ஒரு பெயர்ச்சொல் தேவைப்படும் இடம் தலைப்பு ஒன்றுதான். எட்டிப்பார்ப்பு, வந்துபோகை என்றெல்லாம் புதிதாக ஆக்கலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் யாரும் சொல்லாத சொல்லைத் தலைப்பில் நிறுத்துவதைவிட, அந்த மனிதர் வாசலில் நின்று சொல்லக்கூடிய "இந்தப் பக்கமா வந்தேன்" என்பதையே தலைப்பாக வைத்துவிடுவேன். மூன்றாம் பகுதியில் அவர் வராமல் போகும் அந்த நாளுக்கு, "எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்பதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.